ஆறு மாதம் தாண்டியும் உங்கள் வீட்டில் நிலைத்த சின்ன மாற்றம் எது?

செவ்வந்தி:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனசில் ஓடிக்கொண்டிருந்ததை இழையாகத் தொடங்குகிறேன்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு 74 வயது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டை ஒழுங்குபடுத்துவேன், புதன்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடியும் முதலிலிருந்து. இப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. வீட்டைப் பராமரிக்கும் குறிப்புகள் எத்தனையோ படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாமே சரியாகத்தான் படுகிறது. பத்து நாளைத் தாண்டி நிற்பதில்லை.

ஒன்றே ஒன்று நின்றது. கத்தரிக்கோல்.

எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடாத நாளே கிடையாது. "எடுத்த இடத்தில் வைக்க மாட்டீர்களா" என்று பிள்ளைகளைத் திட்டாத வாரமும் கிடையாது. போன வருஷம் ஒரு வாரம் மட்டும், அது ஒவ்வொரு தடவையும் எங்கே அகப்படுகிறது என்று காலண்டரில் குறித்து வைத்தேன். ஏழு நாளில் ஐந்து நாள் சமையல் மேடையில், இரண்டு நாள் பெரியவள் படிக்கிற மேசையில். அதற்கென்று நான் ஒதுக்கியிருந்த இடம் படுக்கையறை பீரோவின் இழுப்பறை! பாக்கெட் பிரிக்க சமையலறையில் எடுப்பவர், திருப்பி வைப்பதற்காகவே படுக்கையறைக்கு நடக்க வேண்டும். நானே அப்படி நடந்ததில்லை. பிள்ளைகளைத்தான் திட்டியிருக்கிறேன்.

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு கொக்கி ஒட்டி அதில் மாட்டினேன். மகள் மேசைக்கு இன்னொன்று வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது, ஒருநாளும் தேடவில்லை. யாருக்கும் புதுசாக எந்தப் பழக்கத்தையும் நான் சொல்லித்தரவில்லை. கத்தரிக்கோலின் இடத்தை மட்டும்தான் மாற்றினேன்.

இந்த மாதிரி உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? ஆறு மாதமாவது நிலைத்ததாக இருக்கட்டும். முன்னால் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

மரத்தச்சன்:

கொக்கி அடிக்கிற உயரம்.

பல வீடுகளுக்கு வேலைக்குப் போயிருக்கிறேன். கதவுக்குப் பின்னால் பை மாட்டக் கொக்கி கேட்பார்கள், நாங்களும் பெரியவர்கள் தலை உயரத்தில் அடித்துவிட்டு வருவோம். பிள்ளையின் பை தரையில்தான் கிடக்கும். என் மகனுக்கு ஆறு வயதில், அவன் தோள் எட்டுகிற இடத்தில் ஒரு கட்டையில் மூன்று கொக்கி வைத்து அடித்தேன். பைக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. அன்றிலிருந்து பை தரையில் கிடந்ததில்லை. இப்போது அவனுக்குப் பதினொன்று. இரண்டு முறை கட்டையைக் கழற்றி மேலே ஏற்றியிருக்கிறேன்.

---

பட்டறைக்காரன்:

செவ்வந்தி, கத்தரிக்கோல் கிடந்த இடத்தைக் குறித்து வைத்தீர்களே, அதுதான் விஷயம். நான் இயந்திரப் பட்டறையில் மேற்பார்வையாளன், 19 வருஷமாக. எங்களுக்கு முதலில் சொல்லித்தருவதே அதைத்தான்.

ஜப்பான் தொழிற்சாலைகளிலிருந்து வந்த '5 எஸ்' பலருக்குத் தெரிந்திருக்கும். செய்ரி, செய்ட்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரித்து எடு, வேண்டியதற்கு இடம் குறி, துடை, இவற்றை ஒரே முறையாக்கு, அந்த முறையைக் கைவிடாதே. வீட்டில் நாம் எல்லோரும் நேராக மூன்றாவதில் இறங்கிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை துடைப்பதும் அடுக்குவதும் அதுதான். முதல் இரண்டும் நடக்காமல் மூன்றாவது நிற்காது.

பட்டறையில் ஸ்பேனர்கள் தொங்குகிற பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பெயின்டில் வரைந்திருப்போம். ஒன்று இல்லையென்றால் அதன் உருவம் மட்டும் தெரியும். வேலை முடிந்து போகிறவன் பலகையை ஒரு பார்வை பார்த்தால் போதும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் எங்கள் கருவிப் பெட்டிக்குப் பதிலாக அப்படி ஒரு பலகை வைத்தேன். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, குறடு, டெஸ்டர், அளவு நாடா, டார்ச். அவ்வளவுதான். நான்கு வருஷமாகிறது. பெட்டி இருந்த காலத்தில் டெஸ்டரை அடியிலிருந்து எடுக்க எல்லாவற்றையும் தரையில் கொட்ட வேண்டும். கொட்டியதைத் திரும்பப் போட யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

இன்னொன்று, சிவப்புச் சீட்டு. தேவையா இல்லையா என்று முடிவு தெரியாத பொருளில் தேதி எழுதிய சீட்டை ஒட்டி ஒரு மூலையில் வைத்துவிடுவோம். குறித்த காலத்துக்குள் யாரும் எடுக்கவில்லையென்றால் வெளியே. வீட்டில் நாங்கள் ஆறு மாதம் கொடுக்கிறோம். "தூக்கிப் போடலாமா" என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும். "சீட்டு ஒட்டி வைக்கலாமா" என்று கேட்டால் வராது. என் அப்பாவின் பழைய ரேடியோ மூன்று முறை சீட்டு மாறிவிட்டது. அது இருக்கட்டும் என்று இப்போது எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்துவிட்டோம்.

---

கயல் டீச்சர்:

நல்ல இழை. மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைத் தம்பி சொன்னது சமையலறைக்கு வந்து நூறு வருஷமாகிறது. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் முதல் உலகப்போருக்கு முன்பே, சமையலறைப் படத்தை வரைந்து, ஒரு வேளை சமைக்க எத்தனை முறை குறுக்கும் நெடுக்கும் நடக்கிறோம் என்று கோடு போட்டுக் காட்டினார். அவர் எழுதியதைப் படித்த ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-ல் பிராங்பர்ட் சமையலறையை வடிவமைத்தார். அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குள். உலர்ந்த பொருள்களுக்குப் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை வைத்தார்கள். லிலியன் கில்ப்ரெத் என்ற பொறியியலாளரும் இப்படித்தான் அடிகளை எண்ணிச் சமையலறைகளைத் திருத்தினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும், ஃப்ரிட்ஜ் கதவின் உள்தட்டுகளும் அவருடைய யோசனை என்று சொல்வார்கள். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர் அவர்.

என் மாணவிகளுக்கு இதையே வீட்டுப்பாடமாகக் கொடுப்பேன். ஒரு தாளில் உங்கள் சமையலறையைப் பெட்டி பெட்டியாக வரையுங்கள். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ், அலமாரி. ஒரு வேளை நீங்கள் சமைக்கும்போது வேறொருவர் நின்று, நீங்கள் நடக்கிற ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு போடட்டும். தாளில் எங்கே கருப்பாகக் கோடு குவிகிறதோ அங்கே ஒரு பொருள் தப்பான இடத்தில் இருக்கிறது. என் வீட்டில் அது மூடிகள். பாத்திரம் அடுப்புக்கு இடப்பக்கம், மூடிகள் எதிர்ச்சுவர் அலமாரியில். கல்யாணமான நாளிலிருந்து 26 வருஷம் அப்படியே நடந்திருக்கிறேன். அடுப்புக்கு மேலே ஒரு கம்பி வைத்து மூடிகளை அதில் செருகிய பிறகு, ஒரு வேளை சமையலில் பதினோரு நடை குறைந்தது. முழங்கால் வலிக்கு அது பெரிய விஷயம்.

அடுத்தது மேடை உயரம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால் நறுக்குவதற்குச் சரி. மேடை அதைவிடத் தாழ்வாக இருந்தால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். மேடையை இடிக்க வேண்டியதில்லை. நறுக்கும் பலகைக்கு அடியில் கனமான இன்னொரு பலகை, வழுக்காமல் இருக்க நடுவில் ஒரு ஈரத்துணி. மேடை உங்களுக்கு உயரம் என்றால் நின்று வேலை செய்ய முக்காலி போடாதீர்கள், விழுவீர்கள். அதற்கு உட்கார்ந்து நறுக்கத் தாழ்வான ஒரு மேசைதான் சரி.

---

மழைத்துளி:

டீச்சர், உங்கள் மேல் மரியாதையோடுதான் சொல்கிறேன். இந்தப் பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

பதினோரு நடை குறைந்தது சரி. அந்த நடைகளை ஏன் நீங்கள் ஒருவர் மட்டுமே நடந்தீர்கள்? பிராங்பர்ட் சமையலறை மேல் பின்னாளில் வந்த குறையும் இதுதானே: ஒரே ஆள் நிற்கிற அளவு இடம், அந்த ஆள் பெண்தான் என்று முடிவு செய்து கட்டியது.

எங்கள் வீட்டில் கணவர் உதவி செய்கிறவர். குறை சொல்ல மாட்டேன். ஆனால் "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பார். அந்தச் "சொல்லு"தான் என் வேலை. பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதி எப்போது, சோப்புத் தூள் எத்தனை நாளைக்கு வரும், மாமனாரின் ரத்த அழுத்த மாத்திரை தீர்கிறதா, செருப்பு சின்னதாகிவிட்டதா. இது எல்லாம் என் தலைக்குள் ராத்திரி பதினொரு மணிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கை சும்மா இருந்தாலும் தலை சும்மா இருக்காது.

அமெரிக்க சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். வீட்டுக்காக மூளை செய்கிற வேலையை நான்காகப் பிரிக்கிறார். தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே கவனிப்பது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று பின்தொடர்வது. முடிவெடுப்பதில் இருவருக்கும் பங்கு இருக்கிறது. முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான். கண்ணுக்குத் தெரியாத இரண்டும் அவைதான்.

என்னைக் கேட்டால் வீட்டுக்கு ஒரே குறிப்புதான் தேவை. வேலையைப் பிரிக்காதீர்கள், பொறுப்பைப் பிரியுங்கள்.

---

கயல் டீச்சர்:

மழைத்துளி, நீ கேட்டது நியாயமான கேள்வி. 26 வருஷமும் நான்தான் நடந்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் மாணவிகள் அத்தனை பேருக்கும் அடியை எண்ணச் சொல்லிக்கொடுத்தேன், யார் அடி என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

---

இரவுப்பணி:

மழைத்துளி எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இதைத்தானே நான் மூணு வருஷம் முன்னாடி சொன்னேன்" என்றாள். ஆமாம், சொன்னாள். அப்போது நாங்கள் செய்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

துணி முழுக்க என் பொறுப்பு. துவைப்பது மட்டுமல்ல. கூடை நிரம்பியதைப் பார்ப்பது, சோப்பு தீர்வதைப் பார்ப்பது, மகளின் சீருடை நாளைக்குத் தேவை என்று ஞாபகம் வைப்பது, உலர்த்துவது, மடிப்பது, பீரோவுக்குள் போவது வரை. அவள் ஒரு வார்த்தை நினைவூட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். முதல் மூன்று வாரம் கஷ்டம். ஒரு திங்கட்கிழமை சீருடை ஈரமாக இருந்தது, மகள் அதையே அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனாள். மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அவள் அன்றைக்கு எடுத்துச் செய்திருந்தால் அந்தப் பொறுப்பு திரும்ப அவளிடமே போயிருக்கும்.

பொறுப்பு என்னுடையது ஆனபிறகுதான் கற்றுக்கொள்ளவே ஆரம்பித்தேன். சோப்புத் தூளை அள்ளிப் போட்டால் அதிகம் வெளுக்கும் என்று நினைத்திருந்தேன். அதிகமானது அலசலில் போகாமல் துணியிலேயே தங்கி விறைப்பாக்குகிறது. துவாலைக்கு மென்மையாக்கும் திரவம் போடவே கூடாது, நூலின் மேல் படலமாக ஒட்டி ஈரம் உறிஞ்ச விடாது. இயந்திரக் கதவைத் துவைத்து முடித்ததும் திறந்தே விட்டால் அந்த நாற்றம் வராது.

---

தென்றல்_வீடு:

நான் ரொம்ப எளிமையான ஒன்று சொல்கிறேன். சிங்க் அடைப்புக்குப் பேக்கிங் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றுங்கள், நுரை பொங்கி அழுக்கெல்லாம் போய்விடும். கழிப்பறைக்கு ஆசிட் கிளீனரோடு கொஞ்சம் பிளீச்சும் சேர்த்தால் பளபளவென்று ஆகிறது. எல்லோரும் செய்து பாருங்கள்.

---

கந்தகம்:

தென்றல், தயவுசெய்து அந்த இரண்டாவதை இன்றே நிறுத்துங்கள். அவசரமாகவே எழுதுகிறேன்.

பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறை கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. வினிகரும் அமிலம்தான். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்படுத்தியது இதே வாயு. மூடிய கழிப்பறையில், குனிந்து தேய்த்துக்கொண்டு இருக்கும்போது, நேராக நுரையீரலுக்குள் போகும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு பிளீச் சேர்ந்தாலும் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். இதுவரை உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அளவு குறைவாக இருந்திருக்கும், ஜன்னல் திறந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கிளீனர்தான். நிறைய தண்ணீர் விட்டு அலசியபிறகு, வேறொரு நாள், அடுத்தது.

எப்போதாவது கண் எரிந்து தொண்டை கரகரத்தால், அங்கே நின்று கழுவ முயற்சி செய்யாதீர்கள். வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

முதலாவதில் ஆபத்தில்லை, ஆனால் பலன் குறைவு. சோடா காரம், வினிகர் அமிலம். சேர்ந்ததும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை என்பது கார்பன் டைஆக்சைடு. மிச்சம் கொஞ்சம் சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர்தான். இரண்டையும் தனித்தனியே பயன்படுத்தினால் நல்ல பொருள்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பாத்திரத்தைத் தேய்க்கச் சோடா, கெட்டிலில் படியும் வெள்ளை உப்புப்படிவுக்கு வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம். அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலத்தில் கரைந்துவிடும். சிங்க் அடைப்புக்கு, சிங்குக்குக் கீழே உள்ள வளைவுக் குழாயின் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றிக் கையால் எடுப்பதுதான் வழி. கழற்றும் முன் கீழே வாளி வையுங்கள்.

---

தென்றல்_வீடு:

நன்றி கந்தகம் அண்ணா. படித்ததும் கை நடுங்கிவிட்டது. அம்மாவும் இதைத்தான் செய்கிறார், இப்போதே கூப்பிட்டுச் சொல்கிறேன்.

---

மின்கம்பி:

பாதுகாப்புப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். நான் எலக்ட்ரீஷியன்.

வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும், மூன்று இடம் தெரிந்திருக்க வேண்டும்: தண்ணீர் மெயின் வால்வு, கேஸ் வால்வு, மின்சார மெயின் சுவிட்ச். எங்கள் வீட்டில் குளியலறைக் குழாய் முறிந்தபோது மகள் தனியாக இருந்தாள். வால்வு எங்கே என்று தெரியாது. நான் வருவதற்குள் கூடம் முழுக்கத் தண்ணீர், சோபாவின் அடிப்பலகை ஊறிப்போனது. மறுநாள் மூன்றுக்கும் சிவப்பு பெயின்ட் அடித்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறி போட்டேன். வருஷத்துக்கு இரண்டு முறை ஆளாளுக்கு மூடித் திறந்து பார்க்கிறோம். தண்ணீர் வால்வைத் தொடாமலே விட்டால் உள்ளே உப்பு படிந்து இறுகிவிடும், அவசரத்துக்குத் திரும்பாது.

கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் மேல் ஜன்னல் மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும்.

மெயின் பெட்டியில் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்) இருக்கிறது, பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு சுவிட்ச். மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்கு ஒழுகும்போது, வீடுகளுக்கான வகை 30 மில்லிஆம்பியர் ஒழுக்கிலேயே துண்டித்துவிடும். அதில் 'டி' என்று எழுதிய ஒரு சின்ன பட்டன் இருக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.

---

வெண்தாமரை:

செவ்வந்தி, உங்கள் மாமியாருக்கு 74 என்று சொன்னீர்கள். முதியோர் பிரிவில் செவிலியாக இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். ராத்திரி அவர் கழிப்பறைக்குப் போகிற வழியை, விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் ஒருமுறை நடந்து பார்த்ததுண்டா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எங்களிடம் வருபவர்களில் பலர் படியிலோ ரோட்டிலோ விழுந்தவர்கள் இல்லை. சொந்தப் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், பல வருஷம் பழகிய இடத்தில், விடியற்காலை விழுந்தவர்கள். இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு "லைட் போட்டா பிள்ளைங்க முழிச்சுக்குமேன்னு போடலை" என்றார். எத்தனையோ பேர் இதே வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகிறது. கண்பாவை சுருங்கிவிடும், லென்ஸ் மஞ்சளாகிவிடும். நமக்கு மங்கலாகத் தெரிவது அவர்களுக்கு இருட்டு. முழங்கால் உயரத்துக்குக் கீழே, வழி நெடுக, ஆள் நடந்தால் தானாக எரிகிற சின்ன விளக்குகள் வையுங்கள். மஞ்சள் நிற வெளிச்சமாக இருக்கட்டும், நீல வெள்ளை தூக்கத்தைக் கலைக்கும். பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது, தரைதான் தெரிய வேண்டும்.

தரையில் நழுவுகிற கால்மிதி விரிப்புகளை எடுத்துவிடுங்கள். கழிப்பறையில் கைப்பிடி வைக்கும்போது துவாலைக் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்காமல், ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

---

செவ்வந்தி:

வெண்தாமரை, நேற்று ராத்திரி நடந்து பார்த்தேன். மூன்றாவது அடியில் என் கால் செருப்பு ஸ்டாண்டில் இடித்தது. அதற்கடுத்து இரண்டு அங்குல வாசற்படி. தடுமாறி நின்றுவிட்டேன். அத்தை இந்த வழியில் தினமும் இரண்டு தடவை போகிறார். காலையில் ஸ்டாண்டை இடம் மாற்றியாகிவிட்டது. விளக்கு வாங்கப் போகிறேன்.

---

நிலாமுற்றம்:

ஃப்ரிட்ஜில் கண் உயரத்துத் தட்டை மிச்சமான உணவுக்கு மட்டும் ஒதுக்கினேன். வேறு எதுவும் அங்கே வைக்கக் கூடாது. முன்பு பின்னால் தள்ளப்பட்டு மறந்து கெட்டுப்போகும், வாரம் ஒரு பையாவது குப்பைக்குப் போகும். இப்போது கிட்டத்தட்ட இல்லை. உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறேன், 4 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும்; அகலமான பாத்திரத்துக்கு மாற்றினால் சீக்கிரம் ஆறும்.

---

புதுவாசல்:

எல்லாம் படித்தேன். என் பிரச்சினை வேறு. எதைத் தொடங்கினாலும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் 21 நாளும் செய்கிறேன், 25-ஆம் நாள் விட்டுப்போகிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

---

கந்தகம்:

புதுவாசல், அந்த 21 நாளுக்கு ஆதாரம் கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லல்லி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரு செயல் தானாக வருகிற நிலையை எட்ட, சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. அதனால் 25-ஆம் நாள் விட்டது தோல்வியல்ல, 26-ஆம் நாள் செய்தால் போதும்.

அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தங்கள் புதுச் செயலை ஏற்கனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டார்கள், "காலை உணவுக்குப் பிறகு" என்பது போல. "தினமும் துடைப்பேன்" என்பதைவிட "ராத்திரி பல் தேய்த்ததும் வாஷ்பேசினைத் துடைப்பேன்" என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கிற துணியை பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

---

செவ்வந்தி *(ஐந்து மாதம் கழித்து)*:

நடுவில் எழுத முடியவில்லை. பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

விளக்குகள் வந்துவிட்டன. அத்தை முதல் வாரம் "எதுக்கு இந்த வெளிச்சம்" என்றார். இப்போது ஒன்று எரியவில்லையென்றால் காலையில் முதல் வேலையாகச் சொல்கிறார். வால்வுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தோம். சின்னவன்தான் அம்புக்குறி வரைந்தான்.

கோடு போடுகிற வேலையைப் பெரியவளிடம் கொடுத்தேன். நான் சமைத்தேன், அவள் வரைந்தாள். வரைந்து முடித்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு ஒரு கோடுகூட இல்லையே" என்றாள். கணவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அன்று ராத்திரி இரவுப்பணி எழுதியதை அவருக்குப் படிக்கக் கொடுத்தேன். அத்தையின் மாத்திரை, மருத்துவர் சந்திப்பு, பரிசோதனை எல்லாம் இப்போது அவர் பொறுப்பு. ஒரு தடவை மாத்திரை ஒரு நாள் தாமதமாகி அவர் ராத்திரி பத்து மணிக்கு ஓடினார். மருந்து விஷயத்தில் வாயைக் கட்டுவது சரியில்லை என்று பட்டது. அதனால் மீதி ஏழு நாளுக்குக் கீழே வந்தால் யார் பார்த்தாலும் சொல்லலாம் என்று விதியை மாற்றினோம். மற்றபடி நான் நினைவூட்டுவதில்லை. மழைத்துளி, ராத்திரி பதினொரு மணிக்கு என் தலையில் ஓடுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்க நிற்கவில்லை.

சிவப்புச் சீட்டு எங்கள் வீட்டில் எடுபடவில்லை. சீட்டு ஒட்டிய பொருள்களே ஒரு மூலையை அடைத்துக்கொண்டன, தேதியைப் பார்க்க யாருக்கும் ஞாபகமில்லை.

அப்புறம் அந்த நாற்காலி. படுக்கையறையில் இருக்கிறதே, ஒருமுறை போட்ட துணி குவிகிற நாற்காலி. அழுக்குக் கூடைக்குப் போகும் அளவு அழுக்கில்லை, பீரோவுக்குள் மடித்து வைக்கும் அளவு சுத்தமுமில்லை. நான்கு பேர் துணியும் அதில்தான். நாற்காலியை எடுத்துவிட்டேன், கட்டில் முனைக்கு மாறியது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

---

பட்டறைக்காரன்:

அந்தத் துணிக்கு வீட்டில் இடமே ஒதுக்கவில்லை, அதனால்தான் நாற்காலிக்கு வருகிறது. சுத்தமானதுக்கு ஒன்று, அழுக்குக்கு ஒன்று என்று இரண்டு இடம் வைத்திருக்கிறீர்கள், துணி மூன்று வகை. மூன்றாவதுக்கும் இடம் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு கொக்கி, அதற்கு மேல் வேண்டாம். இரண்டும் நிரம்பினால் ஒன்று கூடைக்குப் போக வேண்டும்.

---

மரத்தச்சன்:

கதவுக்குப் பின்னால் அடிக்காதீர்கள், கதவு திறந்தால் மறைந்துவிடும், துணி கதவிடுக்கில் சிக்கும். உடை மாற்றுகிற இடத்துக்கு எதிரே சுவரில் அடியுங்கள். காற்று படுகிற சுவராக இருந்தால் நல்லது, வியர்வை ஈரம் உலரும். கொக்கிக்குக் கொக்கி ஒரு சாண் இடைவெளி. உயரம் அவரவர் தோள்.

---

செவ்வந்தி:

அத்தையையும் சேர்த்துப் பத்துக் கொக்கி. சனிக்கிழமை கணவர் டிரில் இரவல் வாங்கி வருகிறார். அத்தைக்கு மட்டும் தோளுக்குக் கீழே, கையை உயர்த்தினால் அவருக்கு வலிக்கும். போட்டோ போடுகிறேன்.